மர்செலின் இன்னொரு மகன்

எஹெஸ்கேலுக்கு இதய அறுவை என்று தெரிந்த அன்றே வாசிப்பைப் பங்கிட்டுத் தாள் தயாரித்தேன். எங்கள் யூத வேத மாலை வகுப்பில் அவர் போக மீதிப் பதினைந்து பேர். ஆளுக்குப் பத்து என்றால் தினமும் வேதத்தின் சங்கீதப் பாடல்கள் நூற்றைம்பதும் முடிந்துவிடும். நோயாளிக்காக வேண்டும்போது தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வோம். எல்லோருடைய தாயின் பெயரும் என் நோட்டில் வரிசையாக இருக்கிறது. அதைப் பார்த்துத் தாளின் தலையில் எழுதினேன்: மர்செல் மகன் எஹெஸ்கேல்.

பதினோரு நாள் வாசித்தோம். பிழைத்துக்கொண்டார்.

இன்று மதியம்தான் நோட்டை மறுபடி பார்த்தேன். அவர் தாய் ஹபீபா. மர்செல் அடுத்த வரியில் இருக்கும் பின்ஹாஸின் தாய். கோடு போட்டு எழுதுகிறவள் நான். எனக்கே கண் சறுக்கியிருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தது உண்மை.

காலையில் ஜெபக்கூடத்தில், பிழைத்தவர்கள் செய்யும் வழக்கப்படி பத்துப் பேர் முன்னால் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மாலையில் எஹெஸ்கேல் எள் பிஸ்கட்டோடு வகுப்புக்கு வந்துவிட்டார்.

"நோகா கண்ணு, உன் தாள்தான் என்னை எழுப்பி உட்கார வச்சுது."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"அதானே!" என்றார் பின்ஹாஸ். "ஒரு பிள்ளை போதலைன்னு எங்கம்மா புலம்பிட்டே இருப்பாங்க."

"தினமும் வாசிச்சீங்களே, உங்களுக்குமா தெரியல?" என்றேன்.

"அவங்கம்மா பேரும் மர்செல்னு நெனச்சேன். நல்ல பேருதானே?"

எஹெஸ்கேல் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ எனக்காக யார் வேண்டினது, ரபி?"

எங்கள் வேத ஆசிரியர் ரபி தனினோ நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தைத் திறந்தார். "கடவுள் பெரிய அற்புதங்களைத் தனியா செய்றவர்னு இருக்கு. ஏன் தனியா? அற்புதம் யாருக்கு நடந்துச்சோ அவனுக்கே அது தெரியாதாம். அவருக்கு மட்டும்தான் தெரியும்னு நம்ம பெரியவங்க சொல்றாங்க. யார் பேர்ல கேட்டோம்னு அவருக்கா குழப்பம் வரும்?"

எஹெஸ்கேல் நெஞ்சுத் தையல் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"அப்படின்னா எங்கேயோ ஒரு மர்செல் மகன் எஹெஸ்கேல் பதினோரு நாளா சௌக்கியமா இருக்கான். ஏன்னு அவனுக்கே தெரியாது. பாவம், நன்றி சொல்லக்கூடத் தெரியாதவன். அவனுக்கும் சேர்த்து நான் சொல்றேன். நான் வாசிக்க வேண்டிய பங்கு எங்கே?"

என் பத்தில் ஐந்தைக் கொடுத்தேன். புதுத் தாளில், பின்ஹாஸ் நோட்டில் வரி தவறாமல் விரல் வைத்துக்கொள்ள, எழுதினேன்: ஹபீபா மகன் எஹெஸ்கேல். அதன் கீழே, மர்செல் மகன் எஹெஸ்கேல்.