ஞானபாக்கியத்தின் கைநாட்டு

1936 பங்குனியில் இராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமான ஞானபாக்கியம், அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆள் வரவில்லை, கட்டைவிரல் ரேகை மட்டும் வந்தது. அவள் புருஷன் தவசிமுத்து மணல் அச்சில் வார்த்த தங்கக் கம்மலின் பின்பக்கம் அது பளிச்சென்று விழுந்திருந்தது. உயிரோடிருந்த காலம் முழுக்க ஓடை மணலைத் துணியில் சலித்து, கருப்பட்டிப் பாகு விட்டுப் பிசைந்து, பெட்டியில் நிரப்பிக் கட்டைவிரலால் அமுக்கியது அவள்தான். அந்த அமுக்கில்தான் எல்லாச் சூட்சுமமும். குறைந்தால் மணல் சரியும், கூடினால் காற்று போக வழியில்லாமல் தங்கம் பொத்தலாகும். செத்துப்போனதற்காக இந்த வேலையை விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை. பிளவக்கல் பக்கமிருந்து புது மணல் கொண்டுவந்தும் ரேகை வந்தது. அரத்தால் ராவினால் காலையில் மறுபடி முளைத்தது. ஊர் பழகிக்கொண்டது. பருத்தி விலை இறங்கியதைப் பேசுகிற வாயாலேயே இதையும் பேசினார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் அமிர்தவல்லியைத் தவசிமுத்துவுக்குப் பேசி முடித்தார்கள். சிலுவை வைத்த தாலியை அவரே வார்த்தார். அதிலும் ரேகை. கோவிலில் அதைப் பார்த்ததும் அமிர்தவல்லியின் அண்ணன் கிறிஸ்துராஜ் குதி குதி என்று குதித்தார்.

“ஏட்டி, செத்தவ கைநாட்டு வச்ச தாலியவா கட்டிக்கப் போற? ஊரே சிரிக்கும், வா போவோம்.”

பாதிரியார், வேதத்தில் ரேகையைப் பற்றி ஒன்றுமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். தவசிமுத்து தாலியை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். ரெண்டு பெண்டாட்டிக்கு நடுவில் எந்த ஆம்பளைதான் வாயைத் திறந்தான்? அமிர்தவல்லிக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. தாலியும் தனக்கே தனக்கென்று வேண்டும்.

“கல்யாணமும் நிக்காது, இந்தத் தாலியும் என் கழுத்துல ஏறாது” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே தவசிமுத்து வீட்டுப் பட்டறைக்குள் போனாள். தாலி ஏறுமுன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. அவள் நிரப்பிய முதல் பெட்டி சரிந்தது. அடுத்ததைக் கோபத்தில் குத்து குத்தென்று குத்தியதில் தாலி அம்மைத் தழும்போடு வந்தது. “மறுக்கா உருக்குங்க” என்றாள். நாள்கணக்கில் பஸ் ஏறி வந்து போனாள். கடைசியில் ஒருநாள் அவள் அமுக்க, மணல் கீழிருந்து அவள் விரலைத் திருப்பி அமுக்கியது. அமிர்தவல்லி கையை எடுக்கவில்லை.

“அக்கா, இந்தப் பட்டறை ஒங்களுக்கு. அவியளக்கூடப் பங்கு போட்டுக்கிடுதேன். இந்தக் கழுத்து என்னுது. கைய எடுங்க.”

வேர்வை சொட்டியது, மணிக்கட்டு மரத்துப்போனது, ரெண்டு பேரும் விடவில்லை. சாயங்காலம் கோவில் மணி அடித்தபோது மணல் அடங்கியது. வார்த்த தாலியில் பொத்தல் இல்லை. பின்பக்கம் ஒரே ரேகை, அமிர்தவல்லியுடையது. அடுத்த வாரம் அது அவள் கழுத்தில் ஏறியது.

மற்ற நகைகளில் ஞானபாக்கியம் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தாள். யுத்தம் வந்து, தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய், வெள்ளியில் வார்த்தபோதும் வந்தாள். ஆலங்குளத்துக்காரி ஒருத்தி காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தத் தடம் இல்லாம ஒண்ணு குடும்மா” என்று கேட்டாள்.

அமிர்தவல்லி நிமிர்ந்தாள். “எங்க அக்கா வேல பாக்குற பட்டறை இது. புடிச்சா போடுங்க. புடிக்கலன்னா சீவில்லிபுத்தூர்ல ஆசாரிமாரு அம்புட்டுப் பேரு இருக்காவ.”

ஆலங்குளத்துக்காரி காப்பைப் போட்டுக்கொண்டாள்.