சூளையில் வெந்த ரோட்டார்

2005ஆம் ஆண்டு வைகாசியில், விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சூளைக்குள் போன இரண்டு டன் இரும்பு ரோட்டார், எட்டில் ஒரு பங்கு சுருங்கி வெளியே வந்தது. எடை ஒரு கிராமும் குறையவில்லை. அதே சூளை வண்டியில் வெந்த முந்நூறு டீ கப்புகளும்தான் சுருங்கின. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரோட்டாரை வடிவமைத்தவள் ரீட்டா. பத்து வருஷம் கப்புக்கும் பொம்மைக்கும் அச்சு வரைந்துவிட்டு, பாக்கியநாதனின் மோட்டார் பட்டறையில் சேர்ந்தவள். கோடையில் மணிமுத்தாற்றில் கணுக்கால்கூட நனையாத இந்த ஊருக்கு, மலை ஓடையில் மின்சாரம் எடுக்கும் ஒரு கம்பெனி ஜெனரேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டார் கேட்டு எழுதியதும் ரீட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டாருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மின்சாரம் போகிற கம்பி திடீரென்று அறுந்தால் ரோட்டார் இழுக்கிற பாரம் போய்விடும், தள்ளுகிற தண்ணீர் மட்டும் நிற்காது; ரோட்டார் இரண்டு மடங்கு வேகத்தில் தறிகெட்டுச் சுற்றும். விளிம்பில் மாட்டிய பன்னிரண்டு காந்தத் துருவங்களும் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைக்க, ஒவ்வொரு துருவத்தின் அடியையும் புறாவின் வால் போல விரித்து வரைந்தாள் ரீட்டா. எட்டு மாதம் அதே நினைப்பு. டிப்ளமோ படித்தவளின் கையெழுத்தை வரைபடத்தில் ஏற்க முடியாது, சோதனையில் துருவம் தாங்கினால் பார்க்கலாம் என்றது கம்பெனி. வரைபடத்தின் கையெழுத்துக் கட்டத்தில் தன் பெயர் ஏற வேண்டுமென்று அவளுக்கு வெறி.

செய்து முடித்த ரோட்டார், தான் சுற்றவேண்டிய கூட்டுக்குள் நுழையவே இல்லை. மண் சூளையில் சுருங்கும் என்று எதையும் பெரிதாகவே வரைந்து பழகிய கை, இரும்புக்கும் அதே கணக்கைப் போட்டிருந்தது. கடைந்தவரும் சரி என்றார், அளந்தவரும் சரி என்றார். இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. சோதனைக்குப் பத்தே நாள். ரீட்டா அந்த இரும்பின் மேலேயே சாய்ந்து அழுதாள். பக்கத்து யூனிட்டில் சூளை பார்க்கும் கொளஞ்சி சத்தம் கேட்டு வந்தாள்.

"எதுக்கு அழுவுற? வேகவச்சா சுருங்கிடப் போவுது."

"அக்கா, இது இரும்புக்கா."

"சுருங்கும்னு நெனச்சித்தான அளவு போட்ட? நீயே நம்பலன்னா அது எப்பிடி நம்பும்?"

பாக்கியநாதன் தலையைச் சொறிந்தார். "இதுக்கு மேல கெட்டுப்போவ என்னா இருக்குது? தூக்குங்க."

துருவங்களில் செம்புக் கம்பி இன்னும் சுற்றாதது நல்லதாகப் போயிற்று. சங்கிலி போட்டுத் தூக்கி, கப்புகளை ஓரமாகத் தள்ளிச் சூளை வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை வண்டி வெளியே வந்தது. ஆறிய பிறகு ரீட்டா அளந்தாள். கூட்டுக்கும் ரோட்டாருக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி ஆறு மில்லிமீட்டர். இருந்ததும் ஆறு மில்லி. அவள் கொளஞ்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அன்று மத்தியானமே கம்பி சுற்ற ஆரம்பித்தார்கள்.

சோதனைக்குக் கம்பெனி இன்ஜினியர் சுப்புராயன் வந்தார். மோட்டார் பூட்டிச் சுழற்றினார்கள். வேகம் நிமிஷத்துக்கு ஐந்நூறு சுற்று என்ற வழக்கமான அளவைத் தாண்டி, எழுநூறு தாண்டி, ஆயிரத்தைத் தொட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. எல்லோரும் மணல் மூட்டைக்குப் பின்னால் குனிந்திருக்க, ரீட்டா மட்டும் எக்கி எக்கிப் பார்த்தாள். ஒரு துருவமும் அசையவில்லை.

சுழற்சி நின்றதும் சுப்புராயன் இரும்பைத் தடவிப் பார்த்தார். கப்புக்குப் பூசிய கண்ணாடி மெருகு அதில் லேசாக ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"சூளையில வச்சி சுருக்குனோம் சார்."

"எத்தனை டிகிரி?"

அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, வரைபடத்தை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

அடுத்த மூன்று வருஷத்தில் ஏழு ரோட்டார்கள் அந்தச் சூளை வழியாக மலைக்குப் போயின. கம்பெனி புதிதாக அச்சடித்த வரைபடத் தாளில் அளவுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன: வேகும் முன், வெந்த பின். இரண்டுக்கும் கீழே ரீட்டாவின் கையெழுத்து மட்டும் இருந்தது.