பெயரில்லாத பாதி

சிவப்புப் புள்ளி ஒன்று திரையை விட்டு வழுக்கி, முன்வரிசையில் இருந்த வேதாசலத்தின் வெள்ளைச் சட்டைமேல் வந்து நின்றது. மேடையிலிருந்த சென்னை நிபுணர் "சாரி சார்" என்று கையிலிருந்த லேசர் விளக்கைத் தாழ்த்தினார். பல்லி விழுந்ததுபோலச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார் வேதாசலம்.

உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்தில் மருந்துக்கடைக்காரர்களின் கண்டனக் கூட்டம். சங்கம் சொன்னபடி வட்டாரத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. ஆன்லைன் மருந்து, மலிவு மருந்துக்கடை, கம்பெனிகளின் போக்கு எல்லாவற்றையும் பேச அழைக்கப்பட்ட நிபுணர், அழைத்தவர்களையே வாரிக்கொண்டிருந்தார்.

"இந்த ஹால்ல இருக்கற பாதிக் கடை இன்னும் கொஞ்ச வருஷத்துல இருக்காது. கோவப்படாதீங்க. ஒரே மருந்து, வேற கம்பெனி, விலை கம்மின்னா ஜனங்க அங்கதான் போவாங்க."

வேதாசலத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். அணைத்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அணைத்துவிட்டு எழுந்தார்.

"சார், நட்ட நடு ராத்திரில புள்ளைக்கு ஜொரம் வந்தா உங்க ஆன்லைன்காரன் வந்து கதவத் தட்டுவானா? என் கதவத்தான் தட்டுவாங்க. எங்க ஜனம் எங்களத் தாண்டாது."

கைதட்டல் விழுந்தது. நிபுணர் சிரித்தார். "சரிங்க. உங்ககிட்ட வாங்கறவங்களுக்கு, தான் சாப்பிடற மாத்திரையோட பேராவது தெரியுமா?"

"அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

இன்னும் பெரிய கைதட்டல். ஆனால் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி மீன் முள்ளாய்த் தொண்டையில் நின்றது. காரணம், அவருடைய கத்தரி. அவர் கடை வைத்திருந்த பெருநகர் கிராமத்தில் முழு அட்டை மாத்திரை வாங்குகிறவர்கள் குறைவு. ரெண்டு குடு, நாலு குடு என்பார்கள். வேதாசலம் சாய்வாக ஒரு வெட்டு வெட்டுவார். பெயரும் தேதியும் அச்சான பாதி கடையிலேயே தங்கும். வெறும் வெள்ளித்தாள் பாதிதான் வாங்குகிறவர் கைக்குப் போகும். அதை எந்தக் கடையில் நீட்டினாலும் இன்ன மருந்து என்று சொல்ல முடியாது. திரும்பவும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். முப்பது வருஷத் தொழில் ரகசியம் அது. எதிர்ச்சாரியில் மலிவு மருந்துக்கடை வந்த பிறகு அந்த வெட்டு இன்னும் கூர்மையாகியிருந்தது.

சங்கச் செயலாளர் சுப்பிரமணி வந்து காதோரம் குனிந்தார். முகத்தில் கல்யாணக் களை.

"அண்ணே, லட்டு மாதிரி ஒரு கேசு மாட்டிக்கீது. உங்க ஊரு ஆண்டாளம்மாவாம். எதிர்க்கட மாத்திரயத் துன்னுட்டு மயக்கம் போட்டு உழுந்துட்ச்சு. இங்க கவருமெண்ட் ஆஸ்பத்திரிலதான் கீது. அது வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், வீடியோ எடுத்து வுட்டா அந்தக் கட அம்பேல்."

வேதாசலத்துக்கு உள்ளே ஏதோ இனித்தது. ஆண்டாளம்மாள் அவர் கழனியில் நாற்று நடுகிறவள். சர்க்கரைக்காரி. போன மாதம் எதிர்க்கடைப் படியில் அவளைப் பார்த்ததும் வழிமறித்து, "அங்க வாங்கினா என் வாசப்படிய மிதிக்காத. கழனிப் பக்கமும் வராத" என்று சொன்னவர் அவர். படட்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பெண்கள் வார்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஆண்டாளம்மாள், ஈரத் துணி மாதிரி. தலைமாட்டில் மகன் ஐசக். கால்மாட்டில் எதிர்க்கடையின் மருந்தாளுநர் திலகா, அழுது வீங்கிய முகத்தோடு.

"வா கடக்காரரே," என்றான் ஐசக். ஐயா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். "காலைலேந்து உன் ஷட்டரத் தட்டித் தட்டிக் கையே போச்சு. போன் போட்டா கட் பண்ற."

சுப்பிரமணி அவனைக் கண்டுகொள்ளாமல் போனை உயர்த்தினார். திரையில் சிவப்புப் புள்ளி. "நீ சொல்லும்மா. இன்னா மாத்திர துன்ன, இன்னா ஆச்சு?"

ஆண்டாளம்மாளின் நாக்கு குழறியது. "சக்கர கேம்ப்புல டாக்டரு எழுதிக் குட்த்தாரு. திலகா பொண்ணு மாத்திர குட்த்துச்சு. துன்னேன்."

"அவ்ளோதான். போதும்."

"ஐயா மாத்திரயும் துன்னேன்."

சுப்பிரமணியின் கை தாழ்ந்தது.

"அங்க வாங்கினா கழனிக்கு வராதன்ட்டாரு. இவருகிட்டயும் வாங்கிக்கினேன். நடவுல நின்னா, மாத்திர துன்னியா ஆண்டாளுன்னு கேப்பாரு. பொய் சொல்ல வாய் வரல. ரெண்டையும் துன்னுட்டேன்."

திலகா உள்ளங்கையை விரித்தாள். வெறும் வெள்ளித்தாள் துண்டு. இரண்டு குமிழும் காலி. "முன்னாடி எந்த மாத்திர சாப்ட்றீங்கன்னு கேட்டேன். இத்தான் காட்டினாங்க. பேரு இல்ல. பழசு நிறுத்திடுங்கன்னு சொல்லித்தான் குட்த்தேன். இத்த வெட்டினது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அந்தச் சாய்வை வேதாசலம் பார்த்தார். கையெழுத்தைவிடத் துல்லியமாகத் தன்னுடையது.

"அந்தப் பாதிய வெட்டிடலாம்ணே," சுப்பிரமணி முணுமுணுத்தார். "புது மாத்திர துன்னேன், உழுந்தேன். அது மட்டும் போதும். நீ மறுபடி சொல்லும்மா."

ஆண்டாளம்மாள் வேதாசலத்தின் வாயையே பார்த்தாள். "ஐயா எப்டி சொல்லணும்றாரோ அப்டி சொல்றேன். கழனி வேல மட்டும்..."

"பாத்தியா," ஐசக்கின் குரல் தாழ்ந்தே இருந்தது. "சாவக் கெடக்குது, அப்பவும் உன் வாயத்தான் பாத்துக்கினு கீது."

டியூட்டி டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார், எரிச்சலோடு. "பழைய மாத்திரை பேர் கிடைச்சுதா, இல்லையா? சில மாத்திரை ஒரு நாளைக்கு மேல உடம்புல நிக்கும். ஏத்தற சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும். பேர் தெரிஞ்சா இங்கேயே பாக்கலாமா, செங்கல்பட்டுக்கு அனுப்பணுமான்னு முடிவு பண்ணுவேன். யாரு கொடுத்தது?"

வேதாசலம் சுப்பிரமணி பக்கம் திரும்பினார். "அத்த அணைச்சு வை."

சுப்பிரமணி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஐசக் தன் போனை எடுத்தான். கண்ணாடி கீறிய பழைய போன். அதை வேதாசலத்தின் முகத்துக்கு நேரே பிடித்தான். "நான் அணைக்க மாட்டேன். இப்ப சொல்லு. எங்கம்மாவுக்கு நீ போட்ட மாத்திர பேரு இன்னா?"

பெயர் அவர் நாக்கின் நுனியில் இருந்தது. மற்றப் பாதி பெருநகரில், பூட்டிய ஷட்டருக்குப் பின்னால், மேஜை இழுப்பறையில் கிடந்தது. இந்த அறையில் அதைச் சொல்ல வேறு வாய் இல்லை.

நர்ஸ் ஆண்டாளம்மாளின் விரலை இழுத்து ஊசியால் குத்தினாள். நடவுச் சேற்றில் வெடித்த அந்த விரல் நுனியில் ரத்தம் மெல்ல மெல்லத் திரண்டது. கீறிய கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. வேதாசலம் வாயைத் திறந்தார்.