மெஷின் சிரித்தது

டுவைட் பெக் ரேடியோவில் அதைச் சொன்னபோது நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சொன்னது அவன். சிரித்தது நான். ஊர் அவனை மட்டும் தண்டித்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் இன்ஜினைக் கழற்றிய பழைய கார் ஒன்றை உறைந்த ஏரியின் பனிமேல் நிறுத்திவைப்போம். வசந்தத்தில் பனி இளகி அது உள்ளே போகும் நாளைச் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. சீட்டு விற்பது எங்கள் ரேடியோ நிலையம். தினமும் காலையில் "கார் இன்னும் நிக்குது, நேயர்களே!" என்று டுவைட் சொன்ன பிறகுதான் பாதி ஊர் காப்பியை வாயில் வைக்கும்.

அந்த வருடம் ஏப்ரல் நான்காம் தேதி. நிலையத்தில் போன் எடுப்பது என் வேலை. ஏழேகாலுக்குப் பெட்ரோல் பங்கிலிருந்து மீன்பிடிக்க வந்த ஒருவர் கூப்பிட்டார். "வெர்னா, ஏரி முனைக்குப் பக்கத்துல பனி உடைஞ்சு ஒரு வண்டி உள்ள போயிருச்சு. ஆர்னியோட பச்சை வண்டி மாதிரி தெரியுது." மேலே ஏதோ சொல்ல வந்தார். சூடாக ஒரு செய்தி கிடைத்துவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. போனை வைத்துவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி, நானே டுவைட்டின் அறைக்குள் கொண்டுபோனேன்.

மீன்பிடிக்கப் பனிமேலேயே வண்டி ஓட்டிப் போகிற ஊர், வருடத்துக்கு இரண்டு வண்டியாவது இப்படி உள்ளே போகும். ஓட்டியவர் நனைந்த கோழியாக வெளியே ஏறி வருவார், ஒரு மாதம் காப்பிக் கடையில் அவரை வைத்து வறுத்தெடுப்பார்கள். அந்தப் பழக்கம்தான் எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் இருந்தது.

சீட்டைப் படித்ததும் டுவைட்டின் முகம் மலர்ந்தது. "நேயர்களே, ஆர்னி லுன்ட் நம்ம போட்டிக் காரையே முந்திட்டாரு! அவரோட பச்சை வண்டி உள்ள போயாச்சு. ஏப்ரல் நாலுன்னு சீட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? ஆர்னி, நீங்களே வாங்கியிருந்தா அது கள்ளாட்டம்!"

எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெடிக்கும். அடக்கிப் பழக்கமில்லை. அன்றும் வெடித்தது. மைக் அதைப் பிடித்துக்கொண்டது.

ஆர்னி வண்டிக்குள்ளேயே இருந்தார். ஏரியின் கிழக்குக் கரை வீட்டில் அவர் மனைவி ஐலீன் முட்டை பொரித்துக்கொண்டே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் போன செய்தி அவளுக்கு அந்த வார்த்தைகளிலும் அந்தச் சிரிப்பிலும்தான் போய்ச் சேர்ந்தது. ஐலீன் என் சிநேகிதி. இருபது வருடமாக நாங்கள் ஒரே கர்லிங் அணி. பனித்தரையில் அவள் கல்லைத் தள்ளிவிட, துடைப்பத்தோடு முன்னால் ஓடி வழி தேய்ப்பவள் நான்.

மத்தியானத்துக்குள் ஊர் கொதித்தது. பல் டாக்டர் விளம்பரத்தை நிறுத்தினார், மறுநாள் இரும்புக்கடைக்காரரும் நிறுத்தினார். வண்டிகளில் ஒட்டியிருந்த எங்கள் நிலையத்தின் ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டி, அந்தச் சுருளைக் கவரில் போட்டு அனுப்பினார்கள். காப்பிக் கடையில் டுவைட் போய் உட்கார்ந்தால் யாரும் மேசைக்கு வரவில்லை. ஒரு நாள் அவன் வீட்டு வாசலில் யாரோ ஒரு ஜோடி மீன்பிடி பூட்ஸை ஈரம் சொட்டச் சொட்ட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை உள்ளே எடுப்பதா, தூக்கிப் போடுவதா என்று தெரியாமல் அவன் மனைவி அழுதாளாம்.

போன் ஓயவில்லை. திட்டியவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்க பின்னாடி சிரிச்ச ஜென்மம் யாரு?" போனை எடுப்பவளிடமே கேட்டார்கள்.

பதில் டுவைட் கண்டுபிடித்தது. மேனேஜர் அறையில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "சிரிப்புச் சத்தம் போடுற மெஷின் இருக்கே. கை தவறி அந்தப் பட்டன் அமுங்கிருச்சுன்னு சொல்லிருவோம். ஒருத்தர் மாட்டினா போதும் வெர்னா. நான் எப்படியும் தப்ப முடியாது."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "தேங்க்ஸ்" என்றேன். அன்றிலிருந்து போனில் "அது மெஷின்ங்க, மெஷின்" என்று நானே சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்குப் பழகிவிட்டது, கேவலம்.

ஐலீனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஆர்னிதான். அவள் மகள் அடக்கம் முடிந்ததும் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதனால் கல்லறைக்கும், சர்ச்சுக்கும், கையெழுத்துப் போட வேண்டிய ஆபீஸ்களுக்கும் நான்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் வண்டியில் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணியிருப்பேன்" என்பாள். நான் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம் போட்டார்கள். டுவைட்டை ரேடியோவிலிருந்து ஒரேயடியாக நீக்குவதா, மன்னிப்பதா என்று பேச. ஐலீனை நான் அழைத்துப்போனேன். வழியில் வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஐலீன், அந்தச் சிரிப்பு இருக்கில்ல..."

"அதான் மெஷின்னு சொல்லிட்டாங்களே."

"இல்லடி, கேளு..."

"மெஷின்டி." முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வண்டிய எடு. நேரமாச்சு."

கர்லிங் கூடத்தில் பனித்தரை உருகி வெறும் சிமென்ட்தான் இருந்தது. இருநூறு மடக்கு நாற்காலி, ஒன்றுகூடக் காலியில்லை. எங்களுக்கு மட்டும் முன் வரிசையில் இடம் விட்டு எழுந்தார்கள். டுவைட் ஓரத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

நிலையத்தில் பதிவாகியிருந்த டேப்பைப் போட்டார்கள். "கள்ளாட்டம்!" என்ற சொல்லும், அதன்மேல் என் மூக்குச் சிரிப்பும் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு தடவை எதிரொலித்தன. ஐலீன் அசையவில்லை. ஒரு குழந்தை பயந்து அழுதது.

மரம் அறுக்கும் மில்லில் ஃபோர்மேனாக இருந்த ஹாவர்ட் எழுந்தார். "நாப்பது வருஷம் மெஷினோட வாழ்ந்தவன் நான். இது மெஷின் இல்ல. மனுஷி."

"மெஷின்தான்" என்றான் டுவைட்.

"இன்னுமா பொய் சொல்றே? செத்தவன் பொண்டாட்டி முன்னாடி உக்காந்துக்கிட்டு?"

"மெஷின்தாங்க."

கூடம் மொத்தமும் எழுந்து கத்தியது. பொய்யன், வெட்கங்கெட்டவன், இவனுக்கு இனி இந்த ஊரில் என்ன வேலை என்றார்கள். யாரோ அவன் நாற்காலியை உதைத்தார்கள். டுவைட் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ.

எழுந்தேன். ஐலீன் என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஆறுதலுக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் நான்.

"நான்தான் சிரிச்சேன்" என்றேன். "போன்ல சொன்னத முழுசாக் கேக்காம அந்தச் சீட்ட எழுதினதும் நான்தான். வண்டிக்குள்ள ஆள் இருக்காருன்னு டுவைட்டுக்குத் தெரியாது. யாருன்னு நீங்க கேட்டப்பல்லாம் பொய் சொன்னதும் நான்தான்."

கத்தியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். டுவைட் கண்ணை மூடிக்கொண்டான். சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உட்கார்ந்தேன். ஐலீன் கோட்டை விட்டுவிட்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இருபது வருஷமாக் கேக்கற சிரிப்பு. எனக்குத் தெரியாதா?"

"ஐலீன்..."

"மெஷின்னு அவங்க சொன்னதும் அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ஆர்னியும் போயி நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? வர்ற வழியில கூட உன் வாய மூடினேனே. இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் எப்படிடி உன் வண்டியில ஏறுவேன்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோட்டுப் பட்டன்களைக் கழுத்துவரை நிதானமாகப் போட்டாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"கிழக்குக் கரைப் பக்கம் யாரு போறீங்க? என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுருங்க."

ஆறேழு பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.