நான் திருத்திய பூஜ்யங்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில். அதே நோட்டின் முன்பக்கங்களில், என் கையெழுத்தில், முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்களின் லைசென்ஸ் நம்பர்கள் இருக்கின்றன. முக்கால்வாசி தப்பு. ஏன் தப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'ஓர் அலுவலகத்தில் நேர்மையான ஒரு தொழிலாளி...' (அடித்துவிட்டேன். மூன்றாவது வார்த்தையே இடிக்கிறது.)

'அவனுக்குக் கண் பார்வை மங்கல், அதனால்தான்...' (கடிகாரத்தின் சின்ன முள்ளைத் தெருவிலிருந்தே பார்த்துவிடுவேன்.)

'குற்றம் ஸ்டிக்கர் அச்சடித்தவன்மேல்...' (சே.)

3

நான் மெஷின் தூக்குகிறவன். தூக்குவேன், துடைப்பேன், வைக்கச் சொன்ன இடத்தில் வைப்பேன். நாற்பத்தாறு வயதுவரை கைநாட்டு. பிறகு மகளிடம் தமிழ் கற்றேன். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை லாரிகளின் நம்பர் பலகையில் பார்த்துப் பழகினேன்.

அலுவலகம் மேல்மாடிக்கு மாறியது. ஒவ்வொரு மெஷினின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர், அதில் ஐந்தைந்தாக ஐந்து கட்டங்களில், எழுத்தும் எண்ணுமாக இருபத்தைந்து. அதை அடித்தால்தான் புரோகிராம் திறக்கும். அந்த லைசென்ஸ் நம்பருக்குக் 'கீ', அதாவது சாவி, என்று பெயர். அவற்றைக் கட்டிக்காக்கும் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணுக்குச் 'சாவி மேடம்' என்று பட்டம். பழைய பட்டியல் இருந்த மெஷின் படுத்துவிட்டதால் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

"அண்ணே, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ரெண்டு நாள் லீவு. நீங்க எழுதி வைங்க. எழுதினப்புறம் ஸ்டிக்கரைச் சுரண்டிட்டு ஆபீஸ் லேபிள் ஒட்டச் சொல்லியிருக்காங்க."

"நானா? இப்பதானே மேடம் கத்துக்கிட்டேன்."

"டாக்டருங்க எழுத்துக்கு உங்க எழுத்து எவ்வளவோ தேவலாம்ணே. புரியலைன்னாலும் உள்ளது உள்ளபடி எழுதுங்க, போதும்."

நான் அப்படி எழுதவில்லை. திருத்தினேன்.

ஒருமுறை 'எட்டிப் பார்த்தான்' என்பதை '8டிப் பார்த்தான்' என்று எழுதினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா! எழுத்துக்குள்ள நம்பரைப் போடக் கூடாதுப்பா. தப்பு!" அது மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. ஸ்டிக்கரில் எழுத்துகளுக்கு நடுவே பூஜ்யத்தைப் பார்த்ததும், பாவம், அச்சடித்தவனுக்கு மகள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பூஜ்யத்தை இங்கிலீஷ் 'ஓ' ஆக்கினேன். எட்டை 'பி' ஆக்கினேன். எண்களுக்கு நடுவே 'எஸ்' நின்றால் அதை ஐந்தாக்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் எழுத்தில் பிழை கண்டுபிடிக்கிறேன்! அந்த இரண்டு நாளும் முதுகுவலியே தெரியவில்லை. எழுதி முடித்ததும் ஸ்டிக்கர்களை ஒன்றுவிடாமல் சுரண்டி எறிந்தேன்.

4

மேடம் திரும்பி வந்து அடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டில் ஆறுதான் திறந்தது.

"என்னம்மா, சாவிக்கே சாவி காணோமா?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை லைசென்ஸ் செக் பண்ண ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள திறக்கலைன்னா மெஷினோட சேத்து உன்னையும் மாத்திட வேண்டியதுதான்."

மேடம் நோட்டோடு என்னிடம் வந்தார்.

"கம்ப்யூட்டருக்கு ஓ வேற, பூஜ்யம் வேறண்ணே. ஒண்ணு மாறினாலும் திறக்காது. ஸ்டிக்கரைப் பாத்துத்தானே எழுதினீங்க?"

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"பாத்துத்தான் எழுதினேன் மேடம்."

"அப்ப நான்தான் எங்கயோ தப்பா அடிக்கிறேன். மன்னிச்சுக்கோங்கண்ணே, உங்களைப் போய்க் கேட்டுட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

(பார்த்தது உண்மை. எழுதியதும் உண்மை. நடுவே செய்ததை மட்டும் விழுங்கிவிட்டேன். சொன்னால் மறுபடி கைநாட்டு ஆகிவிடுவேன் என்று பயம். எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.)

5

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவன் ஓடிப்போய் மேடத்தின் காலில் விழுகிறான். (என் முழங்கால் அவ்வளவு மடங்காது. தவிர, அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?)

இரண்டு: வெள்ளிக்கிழமை காலை எல்லா மெஷின்களும் தாமாகவே... (பாருங்கள், மறுபடி திருத்துகிறேன்.)

திருத்துகிற புத்தி போகவில்லை. மூன்றாம் பகுதியிலும் ஒரு வரியை விட்டிருக்கிறேன். மேடம் கிளம்பும்போது, "சுரண்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சரிபாத்துடுங்கண்ணே" என்றும் சொன்னார். நான் சரிபார்க்கவில்லை. திருத்தியவனே எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்ற திமிர்.

6

இன்று வியாழன், சாப்பாட்டு நேரம். துடைப்பங்கள் வைக்கும் அறையில் தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேடம் நம்பர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, நோட்டை என்னிடமே விட்டுவிட்டு, மேலே சாப்பிடாமல் அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழாது. நோட்டைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துவிட்டுப் போகிறேன்.

எடுத்தவர் நீங்கள் யாராக இருந்தாலும், முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை. சாவி மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மேடம், எழுத்துகளுக்கு நடுவே ஓ இருந்தால் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். பி இருந்தால் எட்டு. எண்களுக்கு நடுவே ஐந்து இருந்தால் எஸ். எது நான் மாற்றியது, எது முதலிலேயே இருந்தது என்று நினைவில்லை. இரண்டையும் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏழாவது மெஷினில் தொடங்குங்கள். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது கட்டத்தின் நடுவில் இருந்தது எட்டு. நான்தான் அதைப் பி ஆக்கினேன்.