காதில் ஊற்றிய தண்ணீர்

மூன்று நாளாக ராசப்பனின் சட்டைப்பையில் செல்போன் கல்லாகக் கிடந்தது. கோயிலுக்கு வரும் வழியிலேயே நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டார். டவர் இருந்தது. வெளிநாடு போன மகன் யுவராஜிடமிருந்துதான் ஒன்றுமில்லை.

கடைசியாக வந்தது ஒரு குரல்பதிவு. "அப்பா, சமையல் வேலைன்னு கூட்டியாந்து துப்பாக்கியக் குடுத்துட்டாங்க. எதிராளி எங்கிருந்து சுடறான்னு தெரிஞ்சுக்க எங்களத்தான் முதல்ல ஓடச் சொல்றாங்க. அவங்க ஆளுக பொறவுதான் வருவாங்க. எங்களுக்கு இங்க பேரே பீரங்கித் தீனிங்கப்பா. நாளைக்குக் காலைல எங்க முறை."

பீரங்கித் தீனி! அதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டுக் கடாவுக்குத் தழை ஒடித்துப் போடவும் ராசப்பனுக்குக் கை வரவில்லை.

அந்தக் கடாவைத்தான் மனைவி மயிலம்மாள் கருப்பனாருக்கு நேர்ந்திருந்தாள். மகன் உயிரோடு திரும்ப வேண்டும். கடா தானாக உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொல்லாமல் இங்கே யாரும் கத்தியை எடுக்கமாட்டார்கள். ஆட்டுக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்கு இல்லை, என்ன செய்ய!

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். இடித்த புளி மாதிரி நின்றது.

"ஏனுங்க, சாமி ஏத்துக்கலீங்களா? எம்பையனுக்கு என்னாச்சுங்க?" மயிலம்மாள் பூசாரியிடம் கேட்டாள்.

"பயப்படாதக்கா" என்று அவள் தம்பி அர்த்தனாரி சொம்பை வாங்கி, கடாவின் காதுக்குள்ளேயே ஊற்றினான். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சும்மா நிற்கும்? தலையிலிருந்து வால்வரை உதறியது. குலவை எழுந்தது. கத்தி வெளியே வந்தது.

ராசப்பன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "வேண்டாம். இது சம்மதமில்ல."

"கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா உங்களுக்கு? நம்ம பையன் உசுருங்க!"

"ஏஜெண்டு ஆபீசுல நம்ம பையன் பேனாவப் புடிச்சுக்கிட்டு எம்மூஞ்சியப் பாத்தான் மயிலு. 'ஒப்பந்தக் காயிதம் புரியாத பாஷைல இருக்குதுங்கப்பா'ன்னான். 'அட, கையெழுத்தப் போடு கண்ணு, ஊரே போகுது'ன்னு நாந்தான் நச்சரிச்சேன். அப்பறந்தான் தலையாட்டினான்."

கடா இன்னும் காதை உதறிக்கொண்டிருந்தது. ராசப்பன் குனிந்து, துண்டின் நுனியால் அந்தக் காதைத் துடைத்துவிட்டார். மறு கை பையிலிருந்த போனைப் பிடித்தபடியே இருந்தது. அது அடிக்கவில்லை.