குளிர்ந்ததாக அறிவிக்கப்பட்ட உலை

ஈராயிரம் வருடங்களுக்கு முன் மூட்டிய கண்ணாடி உலை, அகழாய்வுக் குழியில் அதன் வாயை அடைத்திருந்த களிமண்ணைப் பெயர்த்தபோது, இன்னும் ஆறியிருக்கவில்லை. உள்ளே மண்கலத்தில் பச்சைக் கண்ணாடி பாகுபோலக் குழைந்து கிடந்தது. எட்டிப் பார்த்த தொல்லியல் துறை இயக்குநருக்குப் புருவம் கருகியது. புருவத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மண்ணில் பழங்காலத்தில் ஒருவருக்கும் கண்ணாடி செய்யத் தெரியாது, எல்லாம் கப்பலில் வந்த சரக்கு என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதித்தான் அவர் அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருந்தது. கிடைத்த உலையோ கொதித்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்து வேதியியலாளர் அவருடைய மனைவிதான். கலத்தின் ஓரத்தில் பாதி உருகிய மணல் ஒட்டியிருக்கிறது, ஆகவே மணலையும் சாம்பல் உப்பையும் சேர்த்து இங்கேயேதான் காய்ச்சியிருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். இயக்குநர் ஆட்களைக் கூப்பிட்டு வாளிகளில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சட்டுனு குளிர்ந்தா சுக்குநூறா வெடிச்சிடும். அதுக்குத்தானே வாயை அடைச்சு மெதுவா ஆற விட்டிருக்காங்க."

"வெடிச்சா நல்லதுதான். உடைஞ்ச துண்டுன்னா கப்பல்ல வந்துச்சுன்னு எழுதிக்கலாம்."

"உங்க மூளையும் கப்பல்லதான் வருதா? இன்னும் கரை சேரலையே!"

விஷயம் மேலிடம்வரை போய், உலை சூடாக இருந்தால் உடனே அணைக்க வேண்டும் என்ற உத்தரவோடு நிபுணர் குழு ஒன்று வந்து இறங்கியது. குழுவினர் வரிசையாக விரலை வைத்துப் பார்த்து, வரிசையாக விரலைச் சூப்பினார்கள்.

"சூடுன்னு உறுதியா சொல்ல முடியாது," என்றார் தலைவர்.

"அப்புறம் ஏன் சார் விரல்ல கொப்புளம்?"

"அது எனக்கு அலர்ஜிம்மா."

குழியின் விளிம்பில் வாளிகள் தயாராக நின்றன. அந்த அம்மாள் ஒரு கணம் உலைக்குள் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, குழுவின் அறிக்கையில் உலை முற்றிலும் குளிர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் அதைப் பிடுங்கிப் படித்தார்.

"என்னடி பண்ணிட்ட?"

"ஆறிப்போனதை யாராவது அணைப்பாங்களா? தண்ணியைப் போய்ச் செடிக்கு ஊத்தச் சொல்லுங்க."

குழுவுக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லாரும் வரிசையாகக் கையெழுத்திட்டுவிட்டு, மருந்துக்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

அன்றிலிருந்து உலை குளிர்ந்தே இருக்கிறது. அலுவலகத்தார் மதியச் சாப்பாட்டை அதன்மேல் வைத்துச் சுடவைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் கணக்குப் பிரிவு தன் மேசைகளைக் குழியருகே நகர்த்திக்கொள்கிறது. இரண்டாம் பதிப்பு ஒரு வரிகூட மாறாமல் வெளிவந்தது. விற்காத பிரதிகள் கிடங்குக் கூரை ஒழுகி நனைந்தபோது, இயக்குநரே அவற்றைச் சுமந்துவந்து உலை விளிம்பில் விரித்து, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக் காயவைத்தார்.